பெயருக்கு நடுவில் ஒரு சாய்கோடு

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஒரு கோப்புக்கு நீங்கள் ஏறக்குறைய எந்தப் பெயரையும் வைக்கலாம். இடைவெளி, காற்புள்ளி, நட்சத்திரக் குறி, தமிழ் எழுத்து, சிரிக்கும் மஞ்சள் முகம் என எல்லாம் செல்லும். செல்லாத எழுத்துகள் இரண்டே இரண்டுதான். ஒன்று, கண்ணுக்கே தெரியாத பூஜ்ய எழுத்து. அதை யாரும் பெயரில் வைக்கப் போவதில்லை. மற்றது சாய்கோடு. மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோருடைய ஐசியில், பெயருக்கு நடுவே, அந்தச் சாய்கோடுதான் உட்கார்ந்திருக்கிறது. ஏ/எல், ஏ/பி.

'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்'. மகன், மகள். இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் மெயில் சர்வர் பார்த்துக்கொள்கிற வேலையில் இருப்பவனுக்கு இது அடிக்கடி வந்து நிற்கும் கேள்வி. புக்கிட் பெருவாங், ஆயர் குரோ பக்கமுள்ள சின்னச் சின்ன வியாபாரங்களுக்கு மின்னஞ்சல் அமைத்துக் கொடுப்பது என் தொழிலில் ஒரு பகுதி. டயர் கடை, கேட்டரிங், டியூஷன் சென்டர், கோயில் நிர்வாகக் குழு. ஒவ்வொன்றுக்கும் சொந்த டொமைன், ஆனால் சர்வர் ஒன்றுதான். அதில் உள்நுழைகிறவர் தன்னை எந்த வடிவத்தில் அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்? வெறும் பெயரா, பெயரும் டொமைனுமா, நடுவில் என்ன குறி? இதை முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும். நாலு வருஷம் கழித்து மாற்றப் போனால், நாற்பது போனில் நாற்பது பேருக்கு நாம்தான் உட்கார்ந்து மாற்றிக் கொடுக்கணும்.

இந்தச் சின்ன முடிவுக்குப் பின்னால் அறுபது வருஷத்துக் கணினி வரலாறு இருக்கிறது. நம்ம தோட்டத்துக் கிராணிமார்களின் வரலாறும் அதே கேள்வியைத்தான் சுற்றி வந்தது என்பது என் எண்ணம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் எங்கள் மாநிலத்தில்தான் உருவானது. 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய தோட்டம் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் மலாக்கா முழுக்கப் பால்மரம். கங்காணிகள் தங்கள் சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்தே ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரே ஊர், ஒரே குலசாமி என்றால் பெயர்களும் ஒன்றாகத்தானே இருக்கும்? ஒரு தோட்டத்தில் நாலு முனியாண்டி, ஐந்து லெட்சுமி இருப்பது அதிசயமில்லை. விடியற்காலைப் பெரட்டில் "முனியாண்டி!" என்று கூப்பிட்டால் எந்த முனியாண்டி திரும்புவார்?

ஜனங்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. நெட்டை முனியாண்டி, கட்டை முனியாண்டி, மேட்டு லயத்து முனியாண்டி என்று வைத்துக்கொண்டார்கள். பிரச்சினை கிராணிக்குத்தான். செக்ரோலில் 'கட்டை' என்று எழுத முடியாது. சம்பளம் ஆள் மாறிப் போகவும் கூடாது. அதனால் அப்பா பெயரையும் சேர்த்து எழுதினார். எழுதிய விதம் ஆங்கில ஆபீஸ்களிலிருந்து வந்தது. கணக்கு என்பதற்கு 'ஏ/சி', இன்னார் மேற்பார்வையில் என்பதற்கு 'சி/ஓ' என்று சாய்கோடு போட்டுச் சுருக்குவது அந்தக் காலத்துக் குமாஸ்தாக்களின் கைப்பழக்கம். அதே பழக்கத்தில் 'சன் ஆஃப்' என்பது 'எஸ்/ஓ' ஆனது, 'டாட்டர் ஆஃப்' என்பது 'டி/ஓ' ஆனது. நிர்வாக மொழி மலாய்க்கு மாறியபோது இந்தச் சுருக்கங்களும் மாறி ஏ/எல், ஏ/பி என்றாயின. சிங்கப்பூரில் இன்னும் எஸ்/ஓ, டி/ஓ புழக்கத்தில் உண்டு. மொழி மாறியும் சாய்கோடு மட்டும் அசையவில்லை.

தமிழ்நாட்டிலும் இதே குமாஸ்தாப் பழக்கம் தமிழில் நடந்தது. 'த/பெ', 'க/பெ' என்று பத்திரங்களில் பார்த்திருப்பீர்கள். தந்தை பெயர், கணவர் பெயர். ஆனால் அங்கே அது படிவத்தில் ஒரு குறிப்பாகவே நின்றுவிட்டது. யாரும் தன் பெயரைச் சொல்லும்போது 'த/பெ' என்பதையும் சேர்த்துச் சொல்வதில்லை. இங்கே அவசரகாலத்தில், 1948இல், அடையாள அட்டை வந்தது. பதிவேட்டில் இருந்த சுருக்கம் அட்டைக்கு ஏறியது, அட்டையிலிருந்து பெயருக்குள்ளேயே இறங்கியது. குமாஸ்தா நேரத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட ஒரு கோடு மூன்று நான்கு தலைமுறைகளுக்குப் பெயரின் உறுப்பாகிவிட்டது.

மலாக்காவிலேயே இன்னொரு மாதிரியும் இருக்கிறது. காஜா பெராங் பக்கத்துச் செட்டிச் சமூகத்தினர் சுல்தானகக் காலத்துத் தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது 1781இல் எழுந்த பொய்யாத விநாயகரை. அவர்களில் பலருடைய பெயர் பிள்ளை, செட்டி, நாயக்கர் என்று குடும்பப் பட்டத்தில் முடியும். அந்தப் பட்டம் அப்பாவிலிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்கும். மேற்கத்தியப் படிவத்தின் 'கடைசிப் பெயர்' என்ற கட்டம் அவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. தோட்டத்து வழி வந்த நமக்கு அந்தக் கட்டத்தில் போட ஒன்றும் இல்லை. போனால் போகிறதென்று அப்பா பெயரைப் போடுகிறோம்; சில படிவங்கள் தானாகவே 'ஏஎல்' என்பதை எடுத்துப் போட்டுக்கொள்கின்றன. "அன்புள்ள திரு. ஏஎல்" என்று தொடங்கும் கடிதம் வராத தமிழர் இந்த நாட்டில் குறைவு. எனக்கு ஒரு நிறுவனத்திலிருந்து மூன்று வருஷம் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

இனி கணினிப் பக்கம் வருவோம். 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் ஓர் ஏற்பாடு வந்தது. சி.டி.எஸ்.எஸ். என்பார்கள். அங்கே ஒருவருடைய கோப்புகள் அவருடைய ஆய்வுத் திட்ட எண், நிரலர் எண் என்ற இரண்டு எண்களின் பேரில் இருந்தன. 1965இல் டாம் வான் வ்லெக், நோயல் மோரிஸ் இருவரும் அதில் 'மெயில்' என்ற கட்டளையை எழுதினார்கள். கணினிக்குள் ஒருவர் மற்றவருக்குக் கடிதம் விடும் வசதி அது. போய்ச் சேரும் இடம் எண்தான். இந்த எண் முறை இன்னும் சாகவில்லை. பல்கலைக்கழகங்களில் மாணவருக்கு எண்ணையே உள்நுழைவுப் பெயராகக் கொடுப்பது இன்றும் சாதாரணம். நிர்வாகத்துக்கு அதில் தலைவலி கிடையாது. இருபது லெட்சுமி வந்தாலும் இருபது எண்.

பெல் லேப்ஸில் பிறந்த யூனிக்ஸ் பெயருக்கு மாறியது. டெனிஸ் மேக்அலிஸ்டர் ரிச்சி அங்கே 'டி.எம்.ஆர்.', பிரையன் கெர்னிகன் 'பி.டபிள்யூ.கே.', கென் தாம்சன் வெறும் 'கென்'. எம்.ஜி.ஆர்., மு.வ. என்று பழகிய நமக்கு இது அந்நியமாகவே தெரியாது. சிறிய குழு, எல்லோரும் எல்லோரையும் அறிந்தவர்கள், மூன்றெழுத்து போதும். ஆனால் அந்தக் குழுவின் வசதி சட்டமாகிவிட்டது. உள்நுழைவுப் பெயருக்கு எட்டு எழுத்து என்ற வரம்பு பல யூனிக்ஸ்களில் வெகுகாலம் இருந்தது. பாலசுப்பிரமணியத்தை ரோமன் எழுத்தில் எழுதினால் பதினைந்து வரும். எட்டில் வெட்டினால் 'பாலசுப்ர்' வரை. மீதி வெளியே.

ஒரு இடைக்குறிப்பு. மலாய்ப் பெயரிலும் இதே கட்டமைப்புதான்: இன்னார் 'பின்' இன்னார். சாய்கோடு இல்லாததால் தப்பித்தார்கள். ஆனால் யூனிக்ஸில் 'பின்' என்பது நிரல்களை வைக்கும் கோப்புறையின் பெயர். அதே பெயரில் ஒரு பயனரும் இயந்திரத்தோடேயே பிறந்து வருவார். யாருடைய மகன் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு கணினிகளுக்கு இடையில் கடிதம் போகத் தொடங்கியபோதுதான் நடுவில் வரும் குறியைப் பற்றிய கேள்வி எழுந்தது. 1971இல் ரே டாம்லின்சன் ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பினார். ஆளையும் இயந்திரத்தையும் பிரிக்க ஒரு குறி வேண்டும். யாருடைய பெயரிலும் வராத குறியாக அது இருக்க வேண்டும். விசைப்பலகையைப் பார்த்தார், @ கிடைத்தது. 'இந்த இடத்தில்' என்ற பொருளும் அதில் இருந்தது. அவர் யோசித்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் மனிதர்களின் பெயர்களைப் பார்த்தார், பிறகு குறியைத் தேர்ந்தெடுத்தார். அதுவும்கூட எல்லா இடத்திலும் செல்லுபடியாகவில்லை. மல்டிக்ஸ் என்ற இன்னொரு ஏற்பாட்டில் @ என்பது தட்டிய வரி முழுவதையும் அழிக்கும் விசை. முகவரியைத் தட்டத் தட்ட அதுவரை எழுதியது காணாமல் போய்விடும். 1977இல் வந்த அஞ்சல் விதிமுறை @ குறிக்குப் பதிலாக 'அட்' என்ற சொல்லையும் அனுமதித்தது.

அடுத்தது, எது முன்னால் வரும் என்ற கேள்வி. ஆள் முதலிலா, இடம் முதலிலா? உலகம் ஆளை முதலில் வைத்தது. பிறகு துறை, நிறுவனம், நாடு என்று சின்னதிலிருந்து பெரிதுக்குப் போனது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் ஜேனட் வலையமைப்பு மட்டும் 1990களின் தொடக்கம் வரை இடத்தின் பெயரைத் தலைகீழாக எழுதியது. நாடு முதலில், பிறகு கல்வி, பிறகு பல்கலைக்கழகம், கடைசியில் துறை. அவர்களுடைய கணினி அறிவியல் துறைகளின் முகவரி 'சி.எஸ்.' என்று முடியும். அதே 'சி.எஸ்.' அப்போது செக்கோஸ்லோவாக்கியாவின் நாட்டுக் குறியாக வந்து சேர்ந்தது. குழப்பத்துக்குக் கேட்கணுமா?

இதைப் படித்தபோது எனக்கு உ.வே.சா. ஞாபகம்தான் வந்தது. 'உ' உத்தமதானபுரம். 'வே' வேங்கடசுப்பையர். கடைசியில்தான் சாமிநாதன். ஊர், அப்பா, ஆள் என்று பெரிதிலிருந்து சின்னதுக்கு வருகிற அதே ஜேனட் வரிசை. தமிழ்ப் பெயர் மரபு வெளியிலிருந்து உள்ளே வருவது. மலாயாவுக்கு வந்ததும் ஏ/எல் அதைத் திருப்பிப் போட்டது. ஆள் முதலில், அப்பா பின்னால், ஊர் கிடையாது. ஊரைத்தான் கப்பலிலேயே விட்டாயிற்றே. ரெ.கார்த்திகேசு, சீ.முத்துசாமி, கோ.புண்ணியவான் என்று நம் எழுத்தாளர்களின் புத்தக அட்டையில் பழைய வரிசை நிற்கிறது. ஐசியில் புது வரிசை. இரண்டு வரிசைகளையும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் இங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை வளர்கிறது. அதை யாரும் ஒரு திறமையாகக் கணக்கில் எடுப்பதில்லை.

பல டொமைன் பிரச்சினை 1990களில் வெடித்தது. அதற்கு முன் ஒரு நிறுவனத்துக்கு ஒரு இயந்திரம், அதில் ஆளுக்கொரு பெயர். இணையம் வியாபாரத்துக்கு வந்ததும் ஒரே இயந்திரத்தில் ஐம்பது கம்பெனிகளைக் குடிவைக்க ஆரம்பித்தார்கள். ஐம்பதுக்கும் 'இன்ஃபோ' வேண்டும், 'சேல்ஸ்' வேண்டும். 1997இல் ஒரு விதிமுறை இந்தப் பொதுப் பெயர்களைப் பட்டியலே போட்டுவிட்டது. 'போஸ்ட்மாஸ்டர்' எல்லா டொமைனிலும் கட்டாயம் இருந்தாகணும், தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு முனியாண்டி கோயில் இருப்பது மாதிரி. ஆனால் யூனிக்ஸின் பயனர் பட்டியலில் ஒரு 'இன்ஃபோ'வுக்குத்தான் இடம். மறுபடியும் பெரட்டுக் களம்தான். எந்த இன்ஃபோ?

இணையப் பக்கங்களுக்கும் இதே சிக்கல் இருந்தது, ஆனால் சீக்கிரம் தீர்ந்தது. 1997இல் வந்த எச்.டி.டி.பி. 1.1 விதியில், உலாவி கதவைத் தட்டும்போதே "நான் இன்ன டொமைனைத் தேடி வந்தேன்" என்று சொல்லியாக வேண்டும். அஞ்சலை எடுத்துவரும் பாப்3 நெறிமுறையில் அப்படி ஒரு வரி இல்லவே இல்லை. பயனர் பெயர், கடவுச்சொல், அவ்வளவுதான். எந்த வீட்டுக்கு வந்தோம் என்று சொல்ல வாயில்லாத விருந்தாளி. ஆகவே வீட்டின் பெயரையும் பயனர் பெயருக்குள்ளேயே திணிக்க வேண்டியதாயிற்று. அப்பா பெயரைச் சேர்த்து எழுதிய கிராணி செய்ததும் இதைத்தான்.

எப்படித் திணிப்பது? முழு மின்னஞ்சல் முகவரியையே உள்நுழைவுப் பெயராக வைப்பது இயல்பான வழி. ஆனால் அன்றைக்கு எல்லோரும் வைத்திருந்த நெட்ஸ்கேப்பின் அஞ்சல் நிரல், பயனர் பெயரில் @ வந்தால் அதற்குப் பின்னால் இருப்பதை விழுங்கிவிடும். சர்வருக்கு வெறும் 'இன்ஃபோ' மட்டும் வந்து சேரும். அதனால் @ குறிக்குப் பதில் சதவீதக் குறியைப் போடச் சொன்னார்கள். அந்தச் சதவீதக் குறிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. வேறு வேறு வலையமைப்புகளைத் தாண்டிக் கடிதம் அனுப்பும்போது, உள் முகவரியின் @ குறியை % ஆக்கி மறைத்து அனுப்பும் தந்திரம் அதற்கு முன்பே இருந்தது. இன்னும் சிலர் கூட்டல் குறி வைத்தார்கள். ஆனால் கூட்டல் குறியைப் பெயருக்குப் பின்னால் ஒட்டு போடுவதற்கு வேறு நிரல்கள் பயன்படுத்தின. ஜிமெயில் இன்றும் அப்படித்தான் பயன்படுத்துகிறது. கியூமெயிலில் அந்த வேலையைச் சிறுகோடு செய்தது. புள்ளி வைக்கலாமே என்றால் அது இன்னும் மோசம். 'சிவா.குமார்.காம்' என்று ஒருவர் வந்து நின்றால் அவர் குமார்.காம் வீட்டுச் சிவாவா, சிவா.குமார் என்ற முழுப் பெயர்க்காரரா? தமிழ்ப் பெயர்களில் இது கற்பனை உதாரணம் இல்லை. பாதிப் பேருக்கு இப்படித்தான் பிரியும். விண்டோஸ் அதன் வழக்கப்படி எதிர்ப்பக்கம் சாயும் கோட்டைப் போட்டது, டொமைன் முன்னால், ஆள் பின்னால். விண்டோஸ் 2000 வந்தபோது அதுவும் @ வடிவத்துக்கு இடம் கொடுத்தது. பழைய வடிவத்துக்கான பெயரில் இருபது எழுத்துதான் செல்லும். சாய்கோடு அங்கேயும் தடை.

மலேசியர்களுக்கு இந்த @ வடிவம் இன்னொரு வழியாகவும் வீட்டுக்குள் வந்தது. 2000களில் ஸ்ட்ரீமிக்ஸ் இணைப்பு வைத்திருந்த வீடுகளில் மோடத்துக்குள் 'இன்னார்@ஸ்ட்ரீமிக்ஸ்' என்று ஒரு பெயர் போட வேண்டும். மின்னஞ்சல் மாதிரியே இருக்கும், ஆனால் மின்னஞ்சல் இல்லை. இன்னார் எந்தச் சேவையைச் சேர்ந்தவர் என்று வாசலில் நிற்கும் சர்வருக்குச் சொல்லும் அடையாளம் அது. 1999இல் அதற்கென்றே ஒரு விதிமுறை வந்திருந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் எடுரோம் இணைப்பில் நுழைவதும் இதே வடிவத்தில்தான். எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் அந்த வீட்டைக் கேட்டுவிட்டு உள்ளே விடுவார்கள்.

இன்றைக்குப் புதிதாக அமைப்பவருக்கு நான் சொல்வது முழு முகவரி வடிவம்தான். @ குறியை விழுங்கும் நிரல்கள் போய்விட்டன. பயனருக்கு ஞாபகம் வைக்கவும் ஒன்றே ஒன்று. ஆனால் எதிர்வாதம் ஒன்றை லேசாகத் தள்ளிவிட முடியாது. முகவரி ஊருக்கே தெரியும் பொருள். அதையே உள்நுழைவுப் பெயராகவும் வைத்தால், கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கிறவனுக்குப் பாதி வேலை மிச்சம். திருமணமாகிப் பெயர் மாற்றினாலோ, கம்பெனி டொமைனை மாற்றினாலோ, உள்நுழைவும் சேர்ந்து உடையும். அதனால் பெரிய இடங்களில் உள்ளே ஒரு எண்ணையும் வெளியே ஒரு முகவரியையும் வைத்து இரண்டையும் இணைக்கிறார்கள். டயர் கடைக்கு அது அதிகம். நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடம் என்றால் நானும் அதையே செய்வேன்.

ஏ/எல் விஷயத்துக்கு வருகிறேன். விசித்திரம் என்னவென்றால், மின்னஞ்சல் விதிமுறை சாய்கோட்டைத் தடை செய்யவே இல்லை. @ குறிக்கு இடப்பக்கத்தில் சாய்கோடு வரலாம் என்று எழுத்தில் இருக்கிறது. தடை வருவது கீழ்த்தளத்தில். டவ்காட் போன்ற நிரல்களில் பல டொமைன் அஞ்சலைச் சேமிக்கப் பரவலாக வைக்கும் அமைப்பு, முதலில் டொமைன் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் ஆள் பெயரில் ஒரு கோப்புறை. எழுதினால் டொமைன்/ஆள். பெயருக்குள் இன்னொரு சாய்கோடு இருந்தால் ஆள் இரண்டாகிவிடுவார். மகன் ஒரு கோப்புறை, அவனுக்குள் அப்பா ஒரு கோப்புறை. கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளிலும் இடமில்லை. அங்கே பெரிய ரோமன் எழுத்துகள், எண்கள், ஒரே ஒரு நிரப்புக் குறி, அவ்வளவுதான் அனுமதி.

ஆக, கிராணியின் சாய்கோட்டுக்கு மின்னஞ்சலில் மிச்சமிருக்கும் பத்திரமான ஒரே இடம் 'காட்சிப் பெயர்'. கடிதம் பெறுகிறவரின் திரையில் முகவரிக்கு முன்னால் தெரிகிறதே, அது. மேற்கோள் குறிக்குள் அடைத்துவிட்டால் அங்கே சாய்கோடு, தமிழ் எழுத்து, முழு அப்பா பெயர், எதுவும் வெட்டுப்படாமல் போய்ச் சேரும். உள்நுழைவுப் பெயரைச் சுருக்கமாகவும் வறட்சியாகவும் வைத்துவிட்டு, காட்சிப் பெயரில் மனிதர் தன்னை எப்படி எழுதிக்கொள்கிறாரோ அப்படியே விடுவது என் வழக்கம். சிலர் ஏ/எல் வேண்டாம் என்பார்கள். சிலர் வேண்டும் என்பார்கள். ஒரு அக்கா அம்மாவின் பெயரை முன்னெழுத்தாகப் போடச் சொன்னார். போட்டேன். அதற்கு எந்த விதிமுறையும் குறுக்கே நிற்கவில்லை.

உள்நுழைவுப் பெயரையே தமிழில் வைக்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. 2012இல் வந்த விதிமுறைகள் @ குறியின் இருபக்கமும் எந்த மொழி எழுத்தும் வர வழி செய்தன. 2014இல் ஜிமெயில் அப்படிப்பட்ட முகவரிகளோடு அஞ்சல் பரிமாறத் தொடங்கியது. நடைமுறையில் நாம் பார்க்க வேண்டியவை வேறு. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியைக் கணினியில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒரு கொம்பு பின்னால் ஒரு கால் என்று இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, சர்வருக்கு இரண்டு பேர். சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரணும். 'எ' என்ற எழுத்தும் ஏழைக் குறிக்கும் தமிழ் எண்ணும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும். 'ஔ' என்பதை 'ஒ'வும் 'ள'வும் சேர்த்துத் தட்டுபவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதை இயந்திரம் தானாகத் திருத்தாது. இதையெல்லாம் பார்த்துச் செய்தால் தமிழ் உள்நுழைவுப் பெயர் வேலை செய்யும். செய்து பார்த்திருக்கிறேன்.

@ குறிக்கு வலப்பக்கம்தான் இங்கே முட்டுகிறது. இலங்கைக்கு 2010இலும், இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் 2011இலும் தமிழில் நாட்டு டொமைன் கிடைத்துவிட்டது: புள்ளி இலங்கை, புள்ளி இந்தியா, புள்ளி சிங்கப்பூர். மலேசியாவுக்கு ரோமன் எழுத்தில் ஒன்று உண்டு, ஜாவி எழுத்தில் ஒன்று உண்டு. தமிழில் கிடையாது. போன மாதம் ஒரு கோயில் குழுச் செயலாளர் முழு முகவரியும் தமிழிலேயே வேண்டும் என்று கேட்டார். இடப்பக்கம் தமிழில் போட்டுத் தர முடியும், வலப்பக்கத்துக்கு 'புள்ளி சிங்கப்பூர்' வாங்கலாம், ஆனால் அது நம்ம ஊர் இல்லையே அண்ணே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ பேரு மட்டும் தமிழ்ல தெரியற மாதிரி வைப்பா" என்றார். வைத்துக் கொடுத்தேன்.